கை ஆட்டினால் இறக்கை ஆட்டும்

எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. ‘ஏர்போர்ட்டு’ என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். இப்போது ஊரில் ஐஸ் பிளாண்ட்டில் சூப்பர்வைசர். வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே விமானக் கதைதான் வரும் என்று எனக்கு இந்தப் பட்டத்தைக் கட்டியவர் மச்சான், என் அக்காவின் வீட்டுக்காரர். விசைப்படகு ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் டிரைவர் என்போம். மச்சான் டிரைவர். படகு எஞ்சினைவிட அவர் வாய் வேகமாக ஓடும்.

பட்டம் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஊருக்கு மேலே அடிக்கடி ஒரு சின்ன விமானம் கடலைப் பார்த்துப் போகும். உடம்புக்கு மேலே நீட்டமாக ஒரே இறக்கை, பக்கத்துக்கு ஒரு விசிறி, மூக்கு கூர்மை. நான் ஊருக்கு வந்த வாரமே அது தலைக்கு மேல் போனது. சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐஸ் பிளாண்ட்டை விட்டு வெளியே ஓடிவந்து, “இது நம்ம வண்டிய்யா, நம்ம வண்டி!” என்று கத்தினேன். அங்கே டீசல் போட நின்றிருந்த மச்சான் நிதானமாகத் திரும்பினார்.

“என்னது, ஒன் வண்டியா? அப்ப ஆர்சி புக்கு எங்க மாப்ள?”

அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. ஆனால் நான் சொன்னது பொய் இல்லை. எண்ணெய்க் கம்பெனி ஆட்களைத் தீவுகளுக்கு ஏற்றிப்போக வளைகுடாவில் அதே மாதிரி விமானம்தான் ஓடியது. பத்தொன்பது பேர் உட்காரலாம். குனிந்துதான் உள்ளே நடக்க வேண்டும். அவர்கள் இறங்கிப் போனதும் சீட்டுக்கு அடியில் கிடக்கும் கடலைத்தோலைக் கூட்டி அள்ளியவன் நான். அதே உடம்பை வாங்கித்தான் இங்கே கடலோரக் காவல் படைக்காரர்கள் வேறு வேலைக்கு மாற்றியிருந்தார்கள். சீட்டைக் கழற்றிவிட்டு, வயிற்றுக்கு அடியில் பானை மாதிரி ராடார் கட்டியிருந்தார்கள். நேராகக் கீழே பார்க்க வசதியாக ஜன்னலை வெளியே உப்பலாக வைத்து, பக்கத்தில் கேமரா. பறக்கும்போதே கதவைத் திறந்து மிதவைப் படகைக் கீழே தள்ளலாம். வேண்டும்போது மறுபடியும் சீட்டைப் போட்டால் ஆட்களை ஏற்றும். ஸ்ட்ரெச்சரைக் கட்டினால் ஆம்புலன்ஸ். எங்கள் ஊர்க் குட்டியானை வண்டி காலையில் ஐஸ் ஏற்றும், மத்தியானம் கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றும், தேர்தல் வந்தால் மைக் கட்டிக்கொண்டு அலையும் இல்லையா, அதுபோலத்தான். இதை நான் விளக்கும்போதெல்லாம் மச்சான் கொட்டாவி விடுவார்.

கொட்டாவி விட்டாலும், கடலுக்குள் அந்த விமானத்தைக் கண்டால் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். இலங்கை எல்லையை ஒட்டிப் பிழைக்கிற பிழைப்பு எங்களுடையது. காற்று ஒரு தள்ளு தள்ளினால் அங்கிட்டுப் போய்விடுவோம்; எவன் வந்து பிடித்துப் போவானோ என்கிற பயம் வயிற்றைவிட்டு இறங்காது. அதனால் தலைக்கு மேல் விமானம் வந்தால், நாங்கள் நம்ம ஊர் ஆட்கள்தான், தப்பாக நினைத்துவிடாதீர்கள் என்று சொல்ல, தலைத் துண்டை உருவி ஆட்டுவார்கள். பயத்தில் ஆரம்பித்தது நாளாவட்டத்தில் மரியாதையாகிவிட்டது. விமானமும் சும்மா போகாது. ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, இறக்கையை ஆட்டிவிட்டுப் போகும். “நம்ம பய வணக்கம் சொல்லிட்டான்யா” என்று படகில் ஒரே சந்தோஷம். கை ஆட்டாமல் உட்கார்ந்திருக்கிறவனை மச்சான் திட்டுவார். வீடு தேடி வந்தவனை வாங்க என்று கேட்காமல் இருப்போமா என்பார்.

போன மாதம் ஒரு வாரம் கச்சான் காற்று பேய் பிடித்த மாதிரி அடித்தது. மேற்கிலிருந்து வருகிற காற்று அது. படகை ஊரைவிட்டுத் தள்ளிக்கொண்டே போகும். காற்று கூடும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னதும் கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன. மச்சான் படகு மட்டும் வரவில்லை. இன்னும் ஒரு தடவை வலையை இழுத்துவிட்டு வருகிறேன் என்று அவர் சொன்னதாகப் பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து சொன்னார்கள். அவரோடு நான்கு பேர் இருந்தார்கள்.

போனால் மறுநாள் காலையில் திரும்புவதுதான் வழக்கம். மறுநாள் வரவில்லை. அக்கா பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “வலை எதுலயாச்சும் மாட்டியிருக்கும். அறுக்க மனசு வராம உக்காந்துருப்பாரு. வரட்டும், பேசிக்கிறேன்” என்றாள். அக்கா பேசிக்கொள்கிறேன் என்றால் மச்சானுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவளுடைய ஒரே கவலை மாத்திரை. மச்சானுக்குச் சுகர். படகுக்குப் போகும்போதெல்லாம் மாத்திரையை ஒரு டப்பாவில் போட்டு, மறந்தால் நடப்பதே வேறு என்று மிரட்டித்தான் அனுப்புவாள்.

அதற்கடுத்த நாள் காலையிலும் படகு வரவில்லை. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். மீனவர் சங்கத்துக்காரர்கள் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்திருந்தார்கள். பிடித்துக்கொண்டு போயிருந்தால்கூட இந்நேரம் சேதி வந்திருக்கும் என்று ஒருவர் ஆறுதல் போலச் சொன்னார். பிடிபட்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்ட பெண்பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன். அது என் அக்கா.

மத்தியானம் தாண்டியதும் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரிக்கு வயது குறைவு. அவர் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

“விமானத்துல இருந்து ஒரு படம் எடுத்திருக்காங்க. இது உங்க ஊர்ப் படகான்னு பாத்துச் சொல்லணும்” என்று போனை நீட்டினார். சங்கத்துக்காரர் வாங்குவதற்குள் நான் வாங்கிவிட்டேன்.

பச்சைத் தண்ணீரில் படகு மட்டும் தனியாக நின்றது. மேலே இருந்து எடுத்த படம். எண் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் படகுதான். தளத்தில் ஐந்து பேர் வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில், மல்லாந்து கிடந்தார்கள். கைகள் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. ஒருவர் வாய் திறந்திருந்தது. எத்தனையோ நாள் நான் கூட்டிப் பெருக்கிய அதே மாதிரி வண்டியின் ஜன்னலிலிருந்து எடுத்த படம். அந்த ஜன்னல் எவ்வளவு கிட்டத்தில் காட்டும் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். அவ்வளவு கிட்டத்தில் காட்டாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அப்படியே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

“அசைவு ஏதாச்சும்...” என்று கேட்டேன்.

“ரெண்டு மூணு சுத்துச் சுத்திப் பாத்திருக்காங்க. மிதவையும் கீழ போட்டாங்க. யாரும் அசையலைங்க” என்றார் அவர். “கப்பல் போய்க்கிட்டிருக்கு. அதுக்குள்ள எதையும் முடிவு பண்ணாதீங்க.”

போனை மறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அக்கா அதற்குள் என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் கிடந்தவரின் கட்டம் போட்ட கைலியை உற்றுப் பார்த்தாள். அவள் துவைத்து, அவள் மடித்து, அவள் எடுத்துக் கொடுத்த கைலி. கத்துவாள், விழுவாள் என்று அவளைப் பிடிக்க இரண்டு பெண்கள் ஓடிவந்தார்கள். அவள் கத்தவில்லை.

“அவரு பகல்ல படுக்க மாட்டாரு” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதிகாரியைப் பார்த்தும் சொல்லவில்லை. “காய்ச்சல்னாகூட உக்காந்துதான் இருப்பாரு. பகல்ல படுத்து நான் பாத்ததே இல்ல.”

அது தைரியம் சொல்கிற பேச்சா, நம்பிக்கை போன பேச்சா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்காது. சற்று நேரம் கழித்து மறுபடியும், “செத்தவங்க வரிசையாவா விழுவாங்க?” என்று என்னிடம் கேட்டாள். விழமாட்டார்கள்தான். ஆனால் ஒருவர் போனபின் மற்றவர் இழுத்துக் கிடத்தியிருக்கலாமே என்று என் பாழாய்ப்போன புத்திக்குத் தோன்றியது. நல்லவேளை, வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஐந்து வீட்டு ஆட்களும் அங்கேதான் நின்றார்கள். ஐஸ் உடைக்கிற மெஷினை யாரோ நிறுத்திவிட்டார்கள். அந்தத் துறைமுகத்தில் பகலில் அத்தனை அமைதியை நான் கேட்டதே இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அதிகாரியின் போன் அடித்தது. அவர் முகத்தை நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். “உயிரோட இருக்காங்க!” என்று கத்தினார். “எந்திரிச்சுட்டாங்களாம்!” துறைமுகமே ஓவென்று அலறியது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். அக்கா மட்டும் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே அந்த மனுஷருடைய சிரிப்பு மெல்ல இறங்கியதை அவள்தான் முதலில் பார்த்தாள்.

“நாலு பேரு எந்திரிச்சுட்டாங்க” என்றார். “ஒருத்தர் எந்திரிக்கல. டிரைவராம்.”

தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. அதுவரை ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்தவர்கள் அப்படியே கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். தங்கள் வீட்டு ஆள் பிழைத்துவிட்ட சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மூச்சு மட்டும் இருக்கிறது என்றார்கள். கப்பலிலேயே குளுக்கோஸ் ஏற்றி, கரைக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நானும் அக்காவும் கார் பிடித்துப் போனோம். மற்ற நான்கு பேரும் வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். உதடெல்லாம் வெடித்து, வெயிலில் தோல் உரிந்து, ஆளே அடையாளம் தெரியவில்லை. அக்காவைக் கண்டதும் நால்வரும் எழுந்து நின்றார்கள். அதில் மச்சானுக்கு வலது கையாக இருக்கும் ஒருவர்தான் நடந்ததைச் சொன்னார்.

முதல் நாளே கியர்பாக்ஸ் போய்விட்டது. நங்கூரக் கயிறும் அறுந்தது. அலை ஏறி அடித்ததில் வயர்லெஸ் நனைந்து செத்துவிட்டது. ஆபத்துக்கு என்று கொடுத்திருந்த கருவியும் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. சோறும் தண்ணீரும் ஓர் இரவுக்குத்தான் எடுத்துப் போயிருந்தார்கள். படகு கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் விமானம் வந்தது.

“ஓடிப்போயி ஆளாளுக்குத் துண்ட எடுத்து ஆட்டுனோம்க்கா. தொண்ட கிழியக் கத்துனோம். தாழத்தான் வந்துச்சு. எங்க மூஞ்சியெல்லாம் பாத்துருப்பாங்க.” அவர் கையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டினார். “ரெக்கைய ஆட்டிட்டுப் போயிருச்சு.”

அடுத்த நாள் காலையிலும் வந்தது. இன்னும் வேகமாக ஆட்டினார்கள். குதித்துக் குதித்து ஆட்டினார்கள். அதுவும் அழகாக இரண்டு பக்கமும் சாய்ந்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஊரில் படகு வரவில்லை என்று அப்போதுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். விமானத்தில் இருந்தவர்களுக்குத் தேடுகிற சேதியே போயிருக்கவில்லை. போகும் விமானத்தைப் பார்த்து மற்றவர்கள் அழுதபோது மச்சான் அழவில்லையாம். துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு யோசித்தாராம்.

“டேய், கை ஆட்டுறவன் நல்லாருக்கான்னு நெனச்சுத்தான்டா போறான். நாமதானே பழக்கிவிட்டோம். இன்னொருக்க வந்தா ஒருத்தனும் ஆட்டாதீங்க. பொணம் மாதிரி படுங்க” என்று சொல்லி, முதல் ஆளாக அவரே படுத்தாராம்.

வெயில் ஏறியதும் விமானம் வந்தது. இந்தத் தடவை போகவில்லை. திரும்பி வந்தது, தாழ்ந்து வந்தது. எழுந்து கத்த வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் உடம்பு துடித்ததாம். மச்சான் உதட்டை அசைக்காமல், “அசையாதீங்கடா, அசைஞ்சா போயிருவான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். மிதவை பக்கத்தில் விழுந்தபோதுகூட யாரும் கண்ணைத் திறக்கவில்லை. ஏமாற்றியது தெரிந்து கோபித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். கொஞ்ச நேரத்தில் மச்சான் பேச்சு நின்றது. நன்றாக நடிக்கிறார் என்றுதான் நினைத்தார்களாம்.

“கப்பல் பக்கத்துல வந்ததும் நாங்க எந்திரிச்சு உக்காந்துட்டோம்க்கா. சிரிச்சோம். போதும்ணே, வந்துட்டாங்க, எந்திரிங்கன்னு இவரு கையைப் புடிச்சு இழுத்தேன்...” அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருந்த அவருக்கே, நடிப்பு எப்போது முடிந்தது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து எங்களைத்தான் ஏசினார். சாப்பாடு இல்லாமல் இருந்தவர் வேளை தவறாமல் சுகர் மாத்திரையைப் போட்டிருக்கிறார். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அவ்வளவுதான் என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். படத்தைப் பார்த்தபோது அழாதவள், நான்கு பேர் எழுந்தார்கள் என்றபோது அழாதவள், இதைக் கேட்டதும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மச்சானுக்கு நினைவு வந்தது. முதலில் அக்காவைப் பார்த்தார்.

“மாத்திரைய மறக்கலடி” என்றார்.

அக்கா அவரைத் திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் மச்சான் நிஜமாகவே பயந்துபோனார். “எனக்கு ரொம்ப முடியலையா மாப்ள?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

அன்று மாலை ஒரு படைக்கார இளைஞர் சாதாரண உடையில் வார்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. விமானத்தில் அந்த உப்பலான ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்ப்பது அவருடைய வேலை.

“மூணு தடவையும் நான்தாங்க பாத்தேன்” என்றார். “முதல் ரெண்டு தடவையும், நம்ம ஆளுங்க கை ஆட்டுறாங்க, ரெக்கைய ஆட்டுங்கன்னு பைலட்டுகிட்ட சொன்னது நான்தான். சிரிச்சுக்கிட்டே சொன்னேங்க.” பழப் பையைக் கை மாற்றிப் பிடித்தார். “மூணாவது தடவை யாரும் ஆட்டலை. இந்தக் கடல்ல கை ஆட்டாத படகை நான் பாத்ததே இல்ல. அதான் பகீர்னு ஆயிருச்சு.”

கோபம் எனக்கு மூக்குமேல் வந்தது. ஆனால் யார்மேல் காட்டுவது? அவரும் மரியாதைதான் செய்திருக்கிறார், இவர்களும் மரியாதையாகத்தான் ஆட்டிப் பழகியிருக்கிறார்கள். மச்சான்தான், “விடுங்க தம்பி. நாங்க ஆட்டுனத பாத்தா கல்யாண வீட்டுக்குக் கூப்புட்ட மாதிரிதானே இருந்துருக்கும்” என்றார்.

அக்கா மட்டும் எழுந்து நின்று கேட்டாள். “அப்ப எப்படித்தான் ஆட்டணும்?”

அவர் பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கி, மெதுவாக இறக்கிக் காட்டினார். மறுபடியும் தூக்கி, மறுபடியும் இறக்கினார். அவசரமில்லாமல், ஒரே சீராக. ஆபத்து என்றால் இப்படித்தானாம். வராந்தாவிலிருந்த நான்கு பேரும் உள்ளே வந்து பார்த்தார்கள். வார்டு நடுவில் அக்காவும் கையைத் தூக்கி இறக்கிப் பழகினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. விமானத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று இத்தனை நாள் மார்தட்டியவன் நானும் அங்கேதான் நின்று பழகினேன்.

இப்போது மச்சான் வீட்டில்தான் இருக்கிறார். கொஞ்ச நாளைக்குக் கடல் பக்கம் போகக் கூடாது, மத்தியானம் கட்டாயம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். படுப்பது அவருக்குச் சிரமமாக இல்லை. பார்ப்பதுதான் அக்காவுக்குச் சிரமமாக இருக்கிறது. அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருப்பவள் பாதியில் எழுந்து வந்து வாசற்படியில் நிற்பாள்.

“கைய ஆட்டுங்க” என்பாள்.

அவர் கையை ஆட்டியபிறகுதான் திரும்பிப் போவாள். ஒருநாள் வேடிக்கைக்காக மச்சான் அந்த இளைஞர் காட்டிய மாதிரி இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டித் தூக்கினார். அரிவாள்மனையைத் தட்டிவிட்டு ஓடிவந்த அக்கா, விளையாட்டு என்று தெரிந்ததும் மீன் வாடைக் கையாலேயே அவர் முதுகில் நாலு வைத்தாள். அதற்குப் பிறகு அவர் அந்த வேடிக்கையைச் செய்யவில்லை.

நேற்று மத்தியானம் நான் அங்கே போயிருந்தபோது விமானம் வந்தது. வீட்டுக்கு மேலேயே, தாழ. நான் வாசலுக்குப் போகவில்லை. அக்காவும் வானத்தைப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேரே கட்டில் அறைக்கு வந்தாள். மச்சான் மல்லாந்து கிடந்தார், அதே கட்டம் போட்ட கைலியில், கைகள் உடம்போடு ஒட்டி, வாய் கொஞ்சம் திறந்து.

“கைய ஆட்டுங்க” என்றாள்.

அவர் அசையவில்லை. அவள் இன்னொரு தடவை சொன்னாள். விமானச் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. நானும் அவளுக்குப் பின்னால் வந்து நின்று அவருடைய மார்பைப் பார்த்தேன். சத்தம் கடல் பக்கம் போய்த் தேயும்வரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

“தூங்க விடுங்களேன்” என்று கண்ணைத் திறக்காமலே முனகிவிட்டு, மச்சான் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.